மேற்கே பார்த்த ஆசாரியன்

உலகம் உண்டான நாள் முதல் எருசலேம் இருக்கும் திசை தவறாமல் ஜெபித்த யூத ஆசாரியன் பில்கா ஒருவன்தான். இதைப் பில்காவே பலமுறை சொல்லியிருக்கிறான்.

"ஏங்க, இந்தப் புது வீட்டுல எந்தப் பக்கம் பார்த்து ஜெபம் பண்றது? பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வரட்டா?" என்றாள் மனைவி அக்சாள்.

"ஆசாரியன் பொண்டாட்டி திசை கேட்டு அலைஞ்சா ஊரே சிரிக்கும்டி! பாபிலோன்ல பொறந்த கழுதைக்குக்கூடத் தெரியும், எருசலேம் மேற்கேன்னு."

மூத்த ஆசாரியர் மல்கியா உள்ளே வந்தார். பில்காவுக்கு ஆசாரிய வேலை தருவதா, வேண்டாமா என்று முடிவு செய்பவர் அவர்தான்.

"எங்கே தம்பி, ஜெபத்தை ஆரம்பி, பார்ப்போம்."

பில்கா மேற்குச் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, உரக்க ஜெபித்து முடித்தான். யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. திரும்பினால், இருவரும் வாசலைப் பார்த்து நிற்கிறார்கள்.

"என்னய்யா, கிழக்கே பார்த்து நிக்கிறீங்க? எருசலேம் இந்தப் பக்கமாச்சே?"

"நேத்து ராத்திரி கழுதையில வந்து இறங்கினியே, அது எந்த ஊரு தம்பி?"

பில்கா வாசலை எட்டிப் பார்த்தான். கிழக்கே, தெருக்கோடியில், புதுக் கோயிலின் பலிபீடத்துப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"எருசலேமுங்க" என்றான், ஈனக்குரலில்.

"பாபிலோன்ல பொறந்தவன் எல்லாரும் வந்த புதுசுல இப்படித்தான். நானும் சுவரைப் பார்த்து நின்னவன்தான். நாளைக்குக் கோயில் வேலைக்கு வந்துடு."

அன்று சாயங்காலம் பில்கா பக்கத்து வீட்டுக் கதவை மெல்லத் தட்டினான்.

"அக்கா, ஒரு சந்தேகம். கோயிலுக்குள்ளேயே போயிட்டா எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும்?"