இரண்டு கைக்கு இரண்டு கேள்வி

"கைய லூசா வுடுங்கண்ணா. இன்னாத்துக்கு இப்டி விறைச்சிக்கினு கீறீங்க?"

நர்ஸ் தேசம்மா சிரித்தாள். கனகராஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாய்க்கடி ஊசிக்கு இது நாலாவது தடவை. தடவைக்கு இரண்டு கையிலும் குத்துவார்கள். சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் அவனுக்கு உயிர் போய் உயிர் வரும்.

"சட்டைக் காலர்ல வரிசையா குண்டூசி குத்தி வச்சினுகீறீங்க. இந்த ஊசிக்கு மட்டும் பயமா?"

"அது சேலைக்குக் குத்துறது சிஸ்டர். தி.நகர்ல ஜவுளிக்கடையில வேலை."

"சரி, காலைல இன்னா சாப்ட்டீங்க?"

தேசம்மாவின் உத்தி இதுதான். ஒரு கைக்கு ஒரு கேள்வி. பதில் யோசிக்கிற நேரத்தில் ஊசி இறங்கிவிடும். கனகராஜோ நேற்றே பதிலை யோசித்து வைத்திருந்தான். பன்னிரண்டு வருஷமாகத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒற்றைக் கட்டில். கடையில் நாள் முழுக்க அவன்தான் பேசுவான். சாப்பிட்டாயா என்று அவனை ஒருத்தரும் கேட்டதில்லை.

"ரெண்டு இட்லி, வடகறி. காரம்தான் கொஞ்சம் தூக்கல்."

"வெறும் ரெண்டு இட்லியா? எப்டிண்ணா தாங்கும்? ம், இந்தக் கை முடிஞ்சிது."

வலித்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

"கடிச்ச நாயி நல்லா கீதா?" மறு கையைப் பிடித்தாள்.

"மேன்ஷன் வாசல்லதான் படுத்துக் கிடக்கு சிஸ்டர்."

"உங்க பக்கத்து ரூம்பு முத்துகிருஷ்ணனுக்கு நேத்து கடைசி ஊசி, உங்களுக்கு இன்னிக்கி. பொல்லாத நாயிதான், ஒரே மேன்ஷன்ல ரெண்டு பேரு. அவ்ளோதாண்ணா, எல்லாம் முடிஞ்சிது. இனிமே நீங்க வரவே வேணாம்."

அவள் நல்ல சேதியாகத்தான் சொன்னாள். கனகராஜ் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கும் சிஸ்டர். அட்டைய ஒரு தடவ பாருங்களேன்."

"ஊசி வேணும்னு கேக்குற மொத ஆளு நீங்கதான்." அட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். "உக்காருங்கம்மா. காலைல இன்னா சாப்ட்டீங்க?"

கனகராஜ் வாசல்வரை வந்து, அந்த அம்மாள் சொன்ன பதிலையும் நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினான்.

மேன்ஷன் வாசலில் நாய் அவனைப் பார்த்து வாலாட்டியது. பாவம், அது கடித்தது முத்துகிருஷ்ணனை மட்டும்தான். அன்றைக்கு அவனுக்குத் துணையாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தேசம்மாவின் அந்தக் கேள்வி காதில் விழுந்தது; அன்று இரவு முழுக்க கனகராஜுக்குத் தூக்கமில்லை. மறுநாள் விடிந்ததும் காலரிலிருந்து ஒரு குண்டூசியை உருவி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாய்ப்பல் பதிந்த மாதிரி தன் கெண்டைக்காலில் தானே நாலு இடத்தில் குத்திக்கொண்டான்.