ராஜாமணி வாத்தியாரும் கறுத்த திரையும்

ராஜாமணி வாத்தியார் மழையில் நனைந்தபடி செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து எஸ்.டி.டி. பூத்துக்குள் புகுந்தார். "மாப்ளே, மூஞ்சியே கறுத்துப்போச்சு. எதைக் குடுத்தாலும் உள்ள வாங்க மாட்டேங்குது" என்று போனில் கத்தினார்.

பஸ்சுக்கு நின்றவர்கள், யாருக்கு என்னவோ என்று பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நோயாளி, பள்ளிக்கூடத்தின் ஒரே கம்ப்யூட்டர்.

கணக்கு வாத்தியாரான ராஜாமணிக்கு யாரும் கேட்காமலே வாய் நீண்டுவிட்டது. "விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸையும் போட்டு, பிள்ளைங்களுக்குப் புரோகிராம் எழுதவே சொல்லித் தர்றேன் சார்" என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு லினக்ஸ் சிடிதான் அவர் படித்த மொத்தப் படிப்பும். நாளை காலை முதல் வகுப்பு. அது நடக்காவிட்டால் கம்ப்யூட்டர் அறைச் சாவி டிரில் மாஸ்டர் கைக்குப் போய்விடும்.

சேலத்து மச்சினன் ஓம்பிரகாஷ்தான் வைத்தியர். பள்ளியில் போன் இல்லை. திரையில் வருவதைத் தாளில் எழுதிக்கொண்டு பூத்துக்கு ஓடிவருவார். அவன் சொல்வதை ஊருக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டு மறுபடி மேடேறி ஓடுவார். ஒரு வார ஓட்டத்தில் இடுப்பு பெல்ட்டில் இரண்டு ஓட்டை குறைந்ததுதான் லாபம். அவசரத்தில் ஒருநாள் சிடியையே மறந்துவிட்டுப் போனார். பூத் அம்சவேணி மறுநாள் பத்திரமாக எடுத்துக் கொடுத்தாள்.

"பேரைப் போட்டா வாங்கிக்குது மாப்ளே. பாஸ்வேர்டுன்னு வந்தா ஒரு எழுத்துகூட விழல" என்றார் இன்றைக்குப் போனில்.

"பாதிக் கட்டை செத்துருக்கும் மாமா. கீபோர்டை மாத்துங்க" என்றான் மச்சினன். லைன் போய்விட்டது.

கீபோர்டு வாங்க நாமக்கல் போகவேண்டும். மலையில் எழுபது வளைவு இறங்க வேண்டும். நடுவில் எங்கோ மரம் விழுந்து, ஒரு பஸ்சும் கீழே போகவில்லை. வாத்தியார் பூத் பெஞ்சில் சரிந்தார். டிரில் மாஸ்டரின் விசில் சத்தம் இப்போதே காதில் கேட்டது.

அம்சவேணி மனு அடிக்கும் கம்ப்யூட்டரும் கறுத்துக் கிடந்தது. "உன்னுதும் ரிப்பேராம்மா?"

"இல்லீங்க சார், நல்லாத்தான் ஓடுதுங்க."

பாவம், விவரம் தெரியாத பெண் என்று அந்த நிலையிலும் அவளுக்காக வருத்தப்பட்டார்.

"ஏனுங்க சார்" என்றாள் அவள், தயங்கித் தயங்கி. "பாஸ்வேர்டு அடிச்சா எழுத்து வெளிய தெரியாதுங்க. தெரியாட்டிப் போகுதுன்னு முழுசா அடிச்சுப்போட்டு எண்டரைத் தட்டிப் பாருங்க."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. "இது மனு அடிக்கிற வேலை இல்லம்மா. லினக்ஸு. உனக்கு எப்படித் தெரியும்?"

அம்சவேணி தன் கறுப்புத் திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

"சிடியை இங்க உட்டுட்டுப் போனீங்களே, அன்னிக்கு இதுல போட்டுட்டு நானும் இப்படித்தானுங்க சார் திருதிருன்னு முழிச்சேன்."