டாக்டரம்மா போகக் கூடாது

"டாக்டரம்மா, வண்டியை விட்டு இறங்குங்க! நீங்க போனா இந்த ஊரே போச்சு!"

ஊர் மேயர் நெகுலாய் பஸ்ஸுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவர் பின்னால் ஊரே திரண்டிருந்தது. தலைநகர் புக்கரெஸ்டுக்குப் போகும் அந்த பஸ்ஸின் டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்திப் பார்த்தார். ஒருவரும் அசைகிற வழியாயில்லை.

டாக்டர் அங்கூட்சா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அவளுடைய கைப்பையில் ஜெர்மனி ஆஸ்பத்திரியின் வேலை உத்தரவு இருந்தது. இரண்டு வருடம் தூக்கம் கெட்டு ஜெர்மன் படித்து வாங்கியது.

"மூணு வருஷமா உங்க ஊர்ல ஊசி போட்டேன். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு நன்றி வரலை. இப்ப என்ன திடீர்ப் பாசம், மேயர் சார்?"

"நீங்க போறதே நேத்துதானே தெரிஞ்சுது! எல்லாரும் இப்படி ஜெர்மனி, இத்தாலின்னு கிளம்பிட்டா இந்த நாடு என்னத்துக்கு ஆகும்?"

"அறுபது கிலோமீட்டருக்கு வேற டாக்டரே கிடையாது, தாயீ!" என்று ரொட்டிக்கடை சாஃப்தா ஒரு பானையை ஜன்னலுக்குள் திணித்தாள். முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டி வேகவைத்த சார்மாலே பண்டத்திலிருந்து ஆவி பறந்தது. "ஜெர்மனில இதை யாரு செஞ்சு குடுப்பா?"

"வாடகையில்லாம வீடு தர்றோம்!"

"குளிருக்கு விறகு என் பொறுப்பு!"

"பன்னிக்குட்டி ஒண்ணு ஓட்டிட்டு வர்றேன்!" என்றான் ஒருவன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அங்கூட்சாவும் சிரித்துவிட்டாள். தான் இல்லையென்று வருத்தப்பட இங்கே ஒரு ஈ காக்கை இருக்காது என்றல்லவா நினைத்திருந்தாள்! இத்தனை பேர் அன்பை உதறிவிட்டுப் போக மனசு வரவில்லை. பெட்டியோடு கீழே இறங்கியவள், எல்லோரும் பார்க்க அந்த உத்தரவை நாலாகக் கிழித்துப் போட்டாள்.

ஊரே ஆர்ப்பரித்தது. யாரோ அக்கார்டியன் வாசிக்க ஆரம்பித்தார்கள். சாஃப்தா அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள்.

"சரி சரி, எப்ப வேலையை ஆரம்பிக்கட்டும்?"

"இப்பவே!" என்றது கூட்டம், ஒரே குரலில்.

கிளினிக்குக்குள் போய், வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். வரிசை தேவாலயம் வரைக்கும் நீண்டிருந்தது. முதல் ஆளாக மேயர்.

"என்ன சார், நீங்களேவா? உங்களுக்கு என்ன செய்யுது?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அதைத்தாம்மா நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். நாளைக்குக் காலைல ஊரோட ஜெர்மனிக்கு ஸ்ட்ராபெரி பறிக்கற வேலைக்குக் கிளம்பறோம். டாக்டர் சர்டிபிகேட் இல்லேன்னா பஸ்ல ஏத்த மாட்டேங்கறான்!"