பாலத்துக்கு அந்தப் பக்கம்

அநியாயம் நடந்தது சீதாலக்ஷ்மிக்கு. செய்தது, அமெரிக்காவில் பென்சில்வேனியா என்கிற மாகாணத்தின் சட்டம்.

மட்டாஞ்சேரியில் பிறந்து, பாலக்காட்டுக்கு அப்பால் ஊரே பார்க்காத ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கடலுக்கு அப்பால் எவனோ எழுதிவைத்த ஒரு வரி நிறுத்திவிட்டது! தங்கை கங்காவுக்கு அதுதான் ஆறவில்லை.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அத்தை பிள்ளை வைத்தீஸ்வரன். தகப்பனில்லாத அவனைச் சின்ன வயதிலேயே கூட்டிவந்து, இந்த வீட்டிலேயே வளர்த்துப் படிக்கவைத்தவர் அப்பா வெங்கிடாசலம். இப்போது பிலடெல்பியாவில் இன்ஜினீயர். லீவில் வந்தவன் வாய்கூசாமல் சொன்னான்.

“நான் இருக்கிற மாகாணத்துல மாமா பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கப்படாது, மாமா. அண்ணா தங்கை மாதிரியாம். சட்டப்படி செல்லாது.”

அப்பா முன்சீப் கோர்ட்டில் ஹெட் கிளார்க். முதலில் கொதித்தார்.

“பெரியப்பா பிள்ளைக்கும் அத்தை பிள்ளைக்கும் ஒரே பேர் வச்சிருக்கான் வெள்ளைக்காரன். கஸினாம்! பேரே இல்லாதவனுக்கு முறை எங்கேர்ந்து தெரியும்?”

அப்புறம் தானாகவே அடங்கிவிட்டார். “ஆனா சட்டமாக்கும். அதுக்கு மேலே என்ன பறைய?”

தொட்டிலில் கிடந்தபோதே பேசிவைத்த பெண். சீதாலக்ஷ்மி அலட்டிக்கொள்ளவில்லை. தோசைக்கு அரைத்துக்கொண்டே, “போறது போ. வைத்தி என்ன பண்ணுவான்?” என்றாள்.

அக்கா அவனை அத்தான் என்று கூப்பிட்டதே கிடையாது. எப்போதும் வைத்திதான். கட்டிக்கப் போகிறவள், கூச்சம் என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

கங்கா சும்மா இருப்பாளா? லா காலேஜ் மாணவி. தினம் படகேறி எர்ணாகுளம் போகிறவள், லைப்ரரியில் ஏணி போட்டு அமெரிக்கச் சட்டப் புத்தகங்களை இறக்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வைத்தி விடைபெற வந்து ஊஞ்சலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

“அத்தான், அங்கே மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறதானே?”

“ஆமாம்.”

“பிலடெல்பியாவுக்குப் பக்கத்துல ஒரு நதி. அதுக்கு அந்தக் கரை நியூஜெர்ஸி. அங்கே மாமா பொண்ணைத் தாராளமாக் கட்டிக்கலாம். படிச்சேன்.”

வைத்தி காபித் தம்ளரைக் கீழே வைத்தான்.

“ஒரு கரையில குத்தம், எதிர்க்கரையில கல்யாணம்! நான் தினம் காயலைத் தாண்டிப் படிக்கப் போறேன். நீங்க ஒரு பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகமாட்டேளா?”

அப்பா ஈஸிசேரில் நிமிர்ந்தார். “வைத்தி, இவ சொல்றது நெஜமா?”

“நெஜம்தான் மாமா. முதல்ல நானே அந்தப் பக்கம்தான் குடியிருந்தேன்...”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கங்கா விடுவாளா?

“அப்போ கல்யாணம் ஆகக்கூடிய இடத்தை விட்டுட்டு, ஆகக்கூடாத இடமாப் பார்த்துக் குடிவந்திருக்கேள். எதுக்கு?”

ஊஞ்சல் நின்றுபோயிற்று.

“கேக்கறாளோல்லியோ, சொல்லேண்டா!” என்றார் அப்பா.

அடுக்களை வாசலில் நின்ற சீதாலக்ஷ்மி ஒரு அடி முன்னால் வந்தாள். “அப்பா, வந்து...”

வைத்தி அவளை முந்திக்கொண்டான். “எனக்கு இஷ்டமில்லை, மாமா. அதான்.”

அப்பா ஈஸிசேரிலிருந்து எழுந்துவிட்டார்.

“இந்த ஆத்துச் சோறு தின்னு வளர்ந்தவன், என் பொண்ணை வேண்டாம்னு சொல்லச் சட்டத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சுண்டயா? எழுந்து போ. இனி இந்தப் படி ஏறாதே. உன் அம்மாவும் ஏற வேண்டாம்னு சொல்லிடு.”

வைத்தி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர் காலை இழுத்துக்கொண்டார். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படகுத்துறைப் பக்கம் நடந்தான்.

கங்காவுக்கு வாதத்தில் ஜெயித்த சூடு அடங்கவில்லை. பின்கட்டுக்கு ஓடினாள்.

“பாத்தியா அக்கா, வேஷம் கலைஞ்சுடுத்து! நல்லவேளை, தப்பிச்சே!”

சீதாலக்ஷ்மி கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“அவனுக்காகவா அழறே? உன்னை வேண்டாம்னு சொன்னவனுக்காகவா?”

“சும்மா இருடி. அப்பா சொன்னதுக்கு மாட்டேன்னு சொல்ல இந்த ஆத்துல யாருக்கு நாக்கு இருக்கு? சட்டம்னாதான் அப்பா அடங்குவார். யாருக்கும் யார் மேலேயும் கோபமில்லாமப் போயிருக்கும். அதுக்குத்தான் பாலத்தைத் தாண்டிக் குடிபோடான்னு சொன்னேன். போனான்.”

“நீ சொன்னயா? எதுக்கு அக்கா?”

“ஒரே இலையில சாப்பிட்டு வளர்ந்தோம். எனக்கு அவன் அண்ணா. அதை நம்ம முறையில சொல்ல முடியாது. அந்த ஊர்ச் சட்டத்துல சொல்லியிருந்தது.”

எத்தனையோ வாதம் தெரிந்த கங்கா, கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்:

“அப்போ... இஷ்டமில்லைன்னு அத்தான் சொன்னது?”

“அது என்னோட வார்த்தைடி. அவன் சொல்லிட்டுப் போறான்.”