வாசல் மீட்டர்

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நம்பிக்கை மீட்டர் உண்டு. அரசாங்க ஆள் வாய் திறந்தால், கேட்பவர்களுக்கு அந்தப் பேச்சில் எத்தனை சதவீதம் நம்பிக்கை என்று அது காட்டும். மழைக்கு முன் காய்ச்சல் தடுப்பூசி போட வந்த செவிலியர் சொர்ணலதாவுக்கு, அந்த அடுக்ககத்தில் நாலுக்கு மேல் ஏறவே இல்லை. போன மழையில் அந்தக் காய்ச்சலில் மூன்று பேர் செத்தும், ஊசியில் உளவுப்பொடி கலந்திருக்கிறது என்பதுதான் அங்கே இளவட்டங்களின் பேச்சு.

“எதக்கா மறைக்கிறீங்க?” என்றான் பிரதாபன், அந்தப் பேச்சைக் கிளப்பியவன்.

சொர்ணலதா கத்தரிக்காய்க் கடையில் வளர்ந்தவள். சொத்தையைத் தானே எடுத்துக் காட்டுகிறவன் கூடையையே விற்றுவிடுவான்.

“போன வாரம் குளிர்பெட்டி நின்னுபோய் பன்னிரண்டு குப்பி கெட்டுப்போச்சு தம்பி. யாருக்கும் போடல, கொட்டிட்டேன். வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆபீஸ் உத்தரவு. இந்தா, படி.”

மீட்டர் எழுபதுக்குத் தாவியது.

“மறைக்கிறாங்கன்னு நான் அப்பவே சொல்லல?” என்று நண்பர்களிடம் மார்தட்டிய பிரதாபன், அதே வேகத்தில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றான்.

மாலைக்குள் மருந்துப்பெட்டி காலி. அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“உங்க மேல கோபமே இல்லம்மா. பாராட்டத்தான் கூப்பிட்டோம்.”

பிரதாபன் மீட்டரை எட்டிப் பார்த்தான். “சைபர்க்கா.”

சொர்ணலதா சிரித்துக்கொண்டே அடுத்த அடுக்ககத்துக்கு நடந்தாள். அந்த உத்தரவை மட்டும் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டாள்.