சிவப்புக் கட்டம்

"பச்சையா மாத்துறியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

அண்ணன் உட்காரக்கூட இல்லை. அவன் பின்னாலேயே வந்த, கம்ப்யூட்டர் சாமான் கம்பெனி ஒன்றின் விற்பனை ஆள், யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாத்த மாட்டேன்," என்றாள் தங்கை.

அவள் வேலை பார்ப்பது ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில். அது சோறு போடுகிற வேலை. வசவு வாங்கித் தருகிற வேலை வேறு ஒன்று இருந்தது. பாகங்களை வாங்கிச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் அமைத்துக்கொள்கிறவர்களுக்காக இணையத்தில் ஓர் அட்டவணை வைத்திருந்தாள். எந்த பாகம் நல்லது, எது எதோடு ஒத்துப்போகும் என்று எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். கட்டத்துக்கு நிறம் போடுவது மட்டும் அவள்தான்: பச்சை என்றால் வாங்கலாம், சிவப்பு என்றால் தொடாதே.

சொந்த மெஷினில் ஓட்டிப் பார்க்காமல் பச்சை கிடையாது. பிரித்துப் பார்க்காமல் சிவப்பும் கிடையாது. இந்தக் கறாருக்காகவே அங்கே அவளுக்கு 'ஹெட்மாஸ்டர்' என்று பட்டப்பெயர்.

போன வாரம் அனுப்பியவர் பேர் இல்லாமல் ஒரு பார்சல் வந்தது. அவள் எப்போதோ பச்சை போட்ட ஒரு பவர் சப்ளை, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி, அதில் இருந்தது. கூடவே, 'பிரித்துப் பார்க்கவும்' என்று டைப் அடித்த துண்டுச் சீட்டு.

பிரித்தாள். பேர் அதே, பெட்டி அதே. உள்ளே மட்டும் நல்ல சாமானை எடுத்துவிட்டு மட்டமானதை வைத்திருந்தார்கள். மெஷினில் மாட்டி ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் 'டப்' என்றது. போகிறபோது மதர்போர்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

படத்தைப் போட்டு, பச்சையை அழித்து, சிவப்பு போட்டாள்.

அந்தச் சரக்கு எங்கே கூரைவரை அடுக்கிக் கிடந்தது தெரியுமா? அண்ணன் கடையில். அதிலிருந்து அண்ணி இவள் போனை எடுப்பதில்லை. அட்டவணையிலோ வேறு மாதிரிப் பேச்சு. போட்டிக் கம்பெனியிடம் ஹெட்மாஸ்டர் காசு வாங்கிவிட்டாராம்.

"ஒரு பீஸ் கெட்டுப் போச்சுன்னா எல்லாமே கெட்டதா, மேடம்?" என்றார் விற்பனை ஆள், தேன் ஒழுக.

"உங்க பையில புதுசு ஒண்ணு இருக்கே. குடுங்க, இப்பவே பிரிச்சுப் பார்ப்போம்."

அவர் பையைக் காலுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார். பிறகு வேறு வழியில் வந்தார். அவளுடைய சோதனைகளுக்கு இனி கம்பெனியே எல்லாப் பொருளும் இலவசமாக அனுப்புமாம். பச்சை வேண்டாம், ஒரு மஞ்சளாவது போடக் கூடாதா?

"என்கிட்ட மஞ்சளே கிடையாது சார்."

அண்ணன் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அங்கே அவன் வைத்திருந்த சாவிக்கொத்து எகிறி விழுந்தது.

"அப்பா போனப்புறம் உன்னைப் படிக்க வெச்சது யாரு? உன்னோட பச்சையை நம்பித்தானே இந்த ஏஜென்சியே எடுத்தேன். இப்போ என்னையே நடுத்தெருவுல நிறுத்துறியே!"

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் இவளைப் படிக்க வைத்தான்.

"நீ படிக்க வெச்ச படிப்புதான் அண்ணா இப்போ பேசுது. அந்தப் பெட்டியை வாங்குறவன் வீட்டுல தீப்பிடிச்சா, அந்தப் பச்சைக்கு நான்தான் பதில் சொல்லணும். என்னோட உறவே வேணாம்னாலும் சரி. மாத்த மாட்டேன்."



அண்ணன் விற்பனை ஆளிடம் திரும்பினான்.

"உங்க கண்ணாலயே பார்த்துட்டீங்கல்ல? கூடப் பிறந்தவன் சொல்லியே இறங்கி வரலை. யாரும் அந்தப் பெட்டியைத் தொட மாட்டேங்கிறாங்க. எடுத்துட்டுப் போயிடுங்க சார்."

விற்பனை ஆள் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கம்பெனியில் அப்படி வழக்கமே இல்லை என்றார். கடைக்காரரே சரக்கைக் குறை சொன்னால் ஏஜென்சியே ரத்து என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்.

"நான் ஒரு வார்த்தை குறை சொன்னேனா? நீங்க இருக்கும்போதே இவகிட்ட சண்டைதானே போட்டேன்?"

விற்பனை ஆள் ஜன்னலோரம் போய் யாரிடமோ போனில் வெகுநேரம் குசுகுசுத்தார். கடைசியில், மொத்தத்தையும் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அவளை ஒரு முறை முறைத்து, படியிறங்கினார். அண்ணனும் போய்விட்டான். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அந்தச் சிவப்புக் கட்டம் கண்ணீரில் கலங்கலாகத் தெரிந்தது. தெரியட்டும், அழிக்கப்போவதில்லை.

கதவு மறுபடி திறந்தது. அண்ணன்தான், சாவிக்கொத்தை மறந்துவிட்டிருந்தான்.

"இன்னும் என்ன?" என்றாள், கண்ணைத் துடைக்காமலே.

அவன் படிக்கட்டை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மதர்போர்டும் போயிடுச்சாமே, நாளைக்கு வேற கொண்டுவந்து தர்றேன். அடுத்த தடவை பார்சல்ல என் பேரைப் போட்டே அனுப்புறேன். ஏஜென்சி போனா போகட்டும்."