கழுவியதில் வந்த முகம்

"எம்பொண்ணு மூஞ்சியை சர்ச் ஜன்னல் கண்ணாடியில வரைஞ்சிருக்கியே, எவ்ளோ கொழுப்புடா உனக்கு?" பொன்னி போட்ட சத்தம் வேங்கிக்கால் வரை கேட்டிருக்கும்.

கண்ணாடி வேலைக்கு வந்த வளவன் ஏணியிலிருந்து இறங்கவில்லை. "அக்கா, நான் சொல்றத..."

"அதே மூக்கு, அதே முழி! தேவதைன்னு றெக்கை வேற! உங்களுக்குள்ள என்னமோ இருக்குன்னு மாப்ளை வீட்டுல சம்பந்தமே வேணாம்னுட்டாங்க!"

"அது நூறு வருஷத்துப் படங்க. மேல கரி ஜாஸ்தி. நான் சோப்பு போட்டுக் கழுவினதோட சரி. உங்க பொண்ணை நான் பார்த்ததே இல்ல!"

பொன்னிக்குப் பின்னால் நின்ற மகள் சிந்துஜாவை அப்போதுதான் பார்த்தான். வாளி கைநழுவிக் கீழே விழுந்தது.

விஷயம் தெரிந்து மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வந்தார்கள். சிந்துஜா மாட்டேன் என்றுவிட்டாள். தை மாதம் வளவனைக் கட்டிக்கொண்டு வேலூருக்குப் போனாள். அங்கே பாத்திரம் கழுவுவதும் அவன்தானாம்.